சாமி குற்றமா, சுணைப் புழுவா?

எங்கள் மலைநாட்டில் கதிர்காமத்துக்குப் போகாத குடும்பத்தைக் காண்பது அரிது. வெலிமடைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பண்டாரவளை, எல்ல, வெல்லவாய என்று இறங்கிப் போய், மாணிக்க கங்கையில் குளித்து, கந்தனைக் கும்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் கிரிந்தைக்கும் போய்க் கடலை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார்கள். தேயிலை மலையிலேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே முதுமையடையும் எத்தனையோ பெண்களுக்குக் கடலைப் பார்த்த நாள் என்றால் அது கதிர்காமம் போன நாள்தான்.

இத்தனைக்கும் எமது மூதாதையர் கடல் கடந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்துவந்த அவர்களை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணமும் நடந்தது. அப்படிக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று கடல் அந்நியமாகிப் போயிருக்கிறது. அந்த அந்நியத்தினால் ஒரு குடும்பத்தில் ஏற்பட்ட மனத்தாங்கலையும், அது தீர்ந்த விதத்தையும் வாசகியருடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கிரிந்தையில் நடந்தது

ஒரு டிசெம்பர் விடுமுறையில் எங்கள் மாதர் சங்கத்துத் தாய்மாரும் பிள்ளைகளுமாக ஒரு பஸ்ஸில் கதிர்காமம் போனோம். மறுநாள் காலை கிரிந்தைக்கு வந்து சேர்ந்தோம். கடலோரத்துப் பெரும் பாறையின் மேல் விகாரை. காவன்திஸ்ஸ மன்னனின் அரசியான விகாரமகாதேவி படகில் வந்து கரையேறிய இடம் இது என்பது மரபுக் கதை. பாறையின் கீழே கற்களுக்கிடையில் கடல்நீர் தேங்கிய சிறு குட்டைகள் இருந்தன. கிரிந்தைக் கடல் குளிப்பதற்கு உகந்ததல்ல, இழுவை பலமானது. ஆகவே பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாமல் அந்தக் குட்டைகளைப் பார்க்க மட்டும் அழைத்துப் போனேன்.

எங்களுடன் தரம் 6 இல் படிக்கும் ஒரு சிறுமி வந்திருந்தாள். மலர் என்று வைத்துக்கொள்வோம். அவள் ஒரு தட்டைக் கல்லைப் புரட்டினாள். கல்லின் அடியில் விரல் நீளத்துக்கும் சற்றுக் கூடுதலான ஒரு புழு. செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த உடல். இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று பட்டுநூல் போல மயிர். இடையிடையே இரத்தச் சிவப்பில் சிறு சிறு குஞ்சங்கள். எனக்கும் அதன் அழகு பிடித்திருந்தது.

மற்றப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு விலகினார்கள். மலர் மட்டும் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மிஸ், இது கடிக்குமா?"

"கடிக்காது, மண்புழு மாதிரிதான். தொட்டுப் பாரு" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். சமூகவியல் படித்து, பத்து வருடங்களுக்கு மேலாகத் தோட்டங்களில் வேலை செய்யும் நான், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். அவள் அதைக் கையில் எடுத்தாள். எடுத்த மாத்திரத்திலேயே உதறினாள்.

"எரியுது மிஸ், நெருப்புல வச்ச மாதிரி எரியுது!"

தாய் ஓடிவந்து சேலைத் தலைப்பால் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பிள்ளையின் அலறல் கூடியது. பக்கத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண், "அதுல்லன்ட எபா!" என்று கத்திக்கொண்டே வந்தாள். தேய்க்காதே என்கிறாள். பிள்ளையின் கையைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணாடித் தூள் போல நூற்றுக்கணக்கான மெல்லிய மயிர்கள் தோலில் குத்தி நின்று மினுங்கின. எங்கள் பஸ் சாரதி தன்னிடமிருந்த வயர் சுற்றும் டேப்பைக் கொண்டுவந்தார். ஒரு துண்டை ஒட்டுவது, இழுப்பது, வேறொரு துண்டை ஒட்டுவது என்று அந்தப் பெண்ணும் நானுமாகப் பெரும்பகுதியை எடுத்தோம். வரும் வழியில் ஒரு வைத்தியரிடம் காட்டினோம். ஒவ்வாமைக்கு மாத்திரையும் பூசுவதற்கு மருந்தும் கொடுத்தார். மாலையாகும்போது எரிவு குறைந்தது. சிவப்பும் கடியும் மாற ஒரு கிழமைக்கு மேலாகியது.

பழி யார் மீது?

கை ஆறிவிட்டது. ஆனால் லயத்தில் பேச்சு ஆறவில்லை.

கிரிந்தைக்கு வரும் வழியில், பிள்ளை பசிக்கிறது என்றதனால் தாய் ஒரு கடையில் மாலு பணிஸ் வாங்கிக் கொடுத்திருந்தாள். வீடு போய்ச் சேரும்வரை மச்சம் தொடக்கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். யாரோ அதைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதுவே காரணமாகிவிட்டது. "சாமி கும்புட்ட வாயில மீன வச்சா சாமி சும்மா விடுமா?" என்றார் மாமியார். "பொம்பளப் புள்ளைய கண்ட எடத்துக்கும் கூட்டிக்கிட்டுப் போனா இப்புடித்தான்" என்றார்கள் வேறு சிலர். அடுத்த கிழமை மாதர் சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தாய் வரவில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் வகுப்புக்கு மலரும் வரவில்லை.

நான் வீட்டுக்குப் போனேன். "நான் என்னா மிஸ் செய்ய? எல்லாரும் என்னையத்தான் பேசுறாங்க" என்று அந்தத் தாய் அழுதாள். தொட்டுப் பார்க்கச் சொன்னது நான். ஏச்சு வாங்குவது அவள். எங்கள் சமூகத்தில் பிள்ளைக்கு என்ன நடந்தாலும் கடைசியில் அது தாயின் தலையில்தான் வந்து விழுகிறது என்பதை நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இம்முறை அதற்கு நானே காரணமாகியிருந்தேன்.

அது என்ன புழு என்று கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் நான் எடுத்திருந்த படத்தில் கல்லும் என் செருப்பும்தான் தெளிவாக இருந்தன. அப்போது மலர் உள்ளே போய்த் தன் கொப்பியைக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தில் அந்தப் புழுவை வரைந்து பெஸ்டலால் நிறமும் தீட்டியிருந்தாள்.

தொலைபேசியில் ஒரு விசாரணை

பல்கலைக்கழகத்தில் என்னுடன் விடுதியில் இருந்த தோழி ஒருத்தி விலங்கியல் படித்தவள். இப்போது படிப்பிக்கிறாள். அந்தச் சித்திரத்தைப் படம்பிடித்து அவளுக்கு அனுப்பினேன். அவள் உடனே அழைத்து, "நீ விலகு, வரைந்த பிள்ளையிடம் போனைக் கொடு" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். தாய், மாமியார், பக்கத்து வீட்டார் என்று எல்லோரும் சுற்றி இருந்தார்கள்.

"தங்கச்சி, உடம்பு வளையம் வளையமா இருந்ததா, வழவழன்னு இருந்ததா?"

"வளையம் வளையமா, மண்புழு மாதிரி."

"மயிர் உடம்பு முழுக்கவா, பக்கத்தில மட்டுமா?"

"ரெண்டு பக்கமும். ஒவ்வொரு வளையத்திலயும் ஒரு கத்தை. நான் தொட்டதும் எல்லாம் விரிஞ்சிருச்சி."

"சிவப்புக் குஞ்சம் எங்கே இருந்தது?"

"வெள்ளை மயிருக்குப் பக்கத்தில, முதுகோரமா. வால் வரைக்கும் இருந்திச்சி."

"வேகமா ஓடிச்சா?"

"இல்ல, மெதுவாத்தான் ஊர்ந்திச்சி."

"தலைப்பக்கம் ஏதாவது பார்த்தியா?"

"மேல ஒரு மடிப்பு மாதிரி இருந்திச்சி. அதயும் கீறியிருக்கேன்."

மறுமுனையில் என் தோழி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "என்னுடைய மாணவர்கள்கூட இந்த மடிப்பைக் கவனிப்பதில்லை" என்றாள். தலையின் மேலுள்ள அந்தச் சதை மடிப்புத்தான் இந்தக் குடும்பத்துப் புழுக்களின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாம்.

சுணைப் புழு என்பது எது?

மண்புழு, அட்டை, கடலில் வாழும் சுணைப் புழுக்கள் ஆகிய மூன்றும் ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. பத்தாந் தர விஞ்ஞானத்தில் அனெலிடா என்று பிள்ளைகள் படிப்பது இதைத்தான். உடல் வளையம் வளையமாக அமைந்திருப்பது இவற்றின் பொதுக் குணம். அட்டைக்கு மயிர் இல்லை. மண்புழுவுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறு மயிர்கள் உண்டு. அதன் வயிற்றுப் பக்கத்தில் விரலைப் பின்னிருந்து முன்னாக மெல்ல ஓட்டினால் சொரசொரப்பாக இருக்கும். கடற்புழுக்களுக்கோ ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் மயிர்க் கத்தைகள் உண்டு. மூங்கில் சுணை, புல்லின் சுணை என்று நாம் சொல்கிறோமல்லவா? அதையொட்டிப் பல்சுணையிகள் என்று இவற்றைத் தமிழில் அழைக்கலாம். உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கற்றவை.

மலரின் கையைச் சுட்டது அம்பினோமிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தவற்றை ஆங்கிலத்தில் நெருப்புப் புழு என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். எங்கள் வெப்பக் கடல்களின் பாறைக் கரைகளில், கல்லின் அடியிலும் செத்த பவளத் துண்டுகளின் இடுக்கிலும் சாதாரணமாகக் காணப்படுவது யூரிதோயி கொம்பிளனாட்டா என்று விஞ்ஞானிகள் பெயரிட்டுள்ள புழுவாகும். மலர் சொன்ன அடையாளங்கள் யாவும் அதற்குப் பொருந்துகின்றன.

ஆயினும் என் தோழி ஓர் எச்சரிக்கையும் சொன்னாள். குடும்பம் எதுவென்று அடையாளங்களை வைத்துச் சொல்லிவிடலாம். இனம் எதுவென்று உறுதியாகச் சொல்ல நுணுக்குக்காட்டியில் மயிரின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பாலாஸ் என்ற இயற்கையியலாளர் இந்தப் புழுவுக்குப் பெயரிட்டது 1766 இல். அதிலிருந்து இரண்டரை நூற்றாண்டு காலம் உலகமெங்கும் இருப்பது ஒரே இனம் என்றுதான் எண்ணினார்கள். 2010 இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, அந்த ஒரே பெயரின் கீழ் குறைந்தது மூன்று இனங்கள் மறைந்திருப்பதைக் காட்டியது. பெரிய விஞ்ஞானிகளே ஒரு புழுவின் பெயரை இவ்வளவு கவனமாகச் சொல்கிறார்கள். ஒரு தாய்மீது பழி சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

எரிவு ஏன்?

இந்தப் புழுவின் மயிர் உண்மையில் மயிரல்ல. சுண்ணாம்புச் சத்தினால் ஆன, எளிதில் முறியும் நுண்ணிய ஊசி. புழு அமைதியாக இருக்கும்போது அது உடலோடு அணைந்து கிடக்கும். தொட்டதும் விரிந்து தோலில் குத்தி முறிந்துவிடும். தேய்த்தால் இன்னும் ஆழமாக இறங்கும். மேலும் துண்டுகளாக முறியும். அந்தக் கிரிந்தைப் பெண் தேய்க்காதே என்று கத்தியது இதனால்தான்.

எரிவுக்கு ஊசி மாத்திரம் காரணமல்ல. 2008 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இப்புழுவிலிருந்து வீக்கத்தை உண்டாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்குக் கொம்பிளனின் என்று பெயரிட்டார்கள். 2018 இல் வெளியான மரபணு ஆய்வொன்றும் இக்குடும்பப் புழுக்களில் நஞ்சுக்குரிய பொருட்கள் உருவாகின்றன என்பதற்குச் சான்று தந்தது. ஆனால் அந்த நஞ்சு தோலுக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மருத்துவ ஊசியைப் போல மயிருக்குள்ளே துவாரம் இருக்கிறது என்ற பழைய கருத்தை 2017 இல் வந்த ஓர் ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது.

இது நம்மைத் தேடிவந்து கொட்டும் பிராணி அல்ல. செத்துப்போன மீன், நண்டு போன்றவற்றைத் தின்று கரையைத் துப்புரவு செய்வது இதன் வேலை. மெதுவாக ஊரும் இதற்குத் தன்னைக் காத்துக்கொள்ள இந்தச் சுணைதான் உண்டு. கல்லால் நசுக்கிக் கொல்லவும் கூடாது. அது பாவம் என்பது ஒருபுறமிருக்க, இந்தப் புழு துண்டானால் துண்டுகள் ஒவ்வொன்றும் முழுப் புழுவாக வளரக்கூடியது.

எப்படி இனங்காண்பது?

கடற்கரைக்குப் போகும் தாய்மாரும் பிள்ளைகளும் கீழ்க்காணும் அடையாளங்களை நினைவில் வைத்திருந்தால் போதுமானது.

1. உடல் வளையம் வளையமாக இருக்கும். நீளம் பெரும்பாலும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை. நிறம் இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் அல்லது மண்ணிறம் கலந்தது.

2. இரு பக்கமும் கத்தை கத்தையாக வெள்ளை மயிர். தொந்தரவு செய்தால் விரியும். இதுவே முதன்மையான அடையாளம்.

3. மயிர்க் கத்தைகளை ஒட்டி முதுகோரத்தில் சிவந்த சிறு குஞ்சங்கள். இவை புழு சுவாசிக்கும் பூக்கள்.

4. தலையின் மேல் ஒரு சதை மடிப்பு. கிட்டப் பார்த்தால்தான் தெரியும்.

5. மெதுவாக ஊரும். பகலில் கல்லின் அடியில் ஒளிந்திருக்கும்.

இதே குடும்பத்தில் குளோயியா என்றொரு வகையும் உண்டு. அது குட்டையாக, அகன்று, முதுகில் கோலம் போட்டதுபோலப் புள்ளிகளோடு இன்னும் அழகாக இருக்கும். அது பாறையில் அல்லாமல் மணலும் சேறுமான கடலடியில் வாழ்வது. வலையில் மீனோடு அகப்பட்டுக் கரைக்கு வருவதுண்டு. அதையும் தொடக்கூடாது.

இவற்றோடு மயங்கக்கூடிய வேறு பிராணிகளும் உள்ளன. வளையமும் மயிரும் இல்லாமல் இலை போலத் தட்டையாக நெளிந்து போவது தட்டைப்புழு. மயிரில்லாத வழவழப்பான உடலும் தலையில் இரு கொம்புகளும் உள்ளது கடல் நத்தை வகை. கல்லிடுக்கிலிருந்து வெள்ளை நூல்களை நூடில்ஸ் போல நாற்புறமும் நீட்டிக்கொண்டிருப்பது இன்னொரு சுணைப் புழு, சுடாது. பவளக் கல்லின் மேல் நீலம், மஞ்சள், சிவப்பு என்று இரட்டைச் சுருள் மலர்போல நின்று, நிழல் பட்டதும் சட்டென்று மறைவதும் புழுதான். நத்தார் மரப் புழு என்று பெயர். அதுவும் எவருக்கும் தீங்கு செய்யாது.

இத்தனையையும் மனதில் வைத்திருப்பது கடினம் என்பவர்களுக்கு ஒரே விதி: இரு பக்கமும் வெள்ளை மயிர் தெரிந்தால் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக்கூடாது.

பெயர் தேடிய பெண்கள்

புழுவைப் பார்த்துக்கொண்டு உட்காருவது பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விடயத்தைச் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சுணைப் புழுக்களைப் பற்றிய உலக அறிவில் பெரும்பங்கு பெண்களுடையது. உலகில் அதுவரை பெயரிடப்பட்ட எல்லாச் சுணைப் புழுக்களுக்கும் 1959 இல் ஒரு பேரட்டவணையை வெளியிட்டவர் ஒல்கா ஹார்ட்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1875 இல் தென்னாபிரிக்காவில் பிறந்த எடித் பேர்க்லி, கனடாவின் மேற்குக் கரையில் ஓர் ஆய்வு நிலையத்தில் ஊதியமில்லாத தொண்டராக இருந்துகொண்டே இப்புழுக்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். அவருடைய கணவர் பிற்பாடு தன் துறையை விட்டு மனைவியின் ஆய்வில் இணைந்துகொண்டார்.

எமது கடலிலும் இந்தத் தேடல் நெடுங்காலம் நடந்திருக்கிறது. பேராசிரியர் ஹெர்ட்மன் 1902 இல் மன்னார் முத்துக்குளிப்புக் கடலில் சேகரித்த சுணைப் புழுக்களை ஆராய்ந்து 1905 இல் அறிக்கை எழுதியவர் ஆதர் வில்லி. அப்போது கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். பாம்பனுக்கு அருகேயுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரும்பொருட்காட்சியகம் 1927 இல் வெளியிட்ட நூலிலும் இப்புழுக்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. எங்கள் பாட்டன் பாட்டிமார் அந்தக் கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இவையெல்லாம் எழுதப்பட்டன.

கையில் பட்டுவிட்டால்

தேய்க்க வேண்டாம், மணல் போட்டு உரச வேண்டாம், சொறியவும் வேண்டாம். பட்ட கையால் கண்ணையோ வாயையோ தொடக்கூடாது.

ஒட்டும் டேப் அல்லது பிளாஸ்டரை மெதுவாக ஒட்டி, நேராக இழுத்து எடுக்க வேண்டும். புதிய துண்டுகளால் பல தடவை செய்ய வேண்டும். வெயிலுக்கு நேராகக் கையைத் திருப்பிப் பார்த்தால் எஞ்சிய மயிர்கள் தெரியும். பெரியவற்றைச் சிறு கிடுக்கியால் எடுக்கலாம்.

அதன்பின் வினாகிரி அல்லது மருந்து ஸ்பிரிட் தடவுவது எரிவைத் தணிக்க உதவும்.

எரிவும் கடியும் சில நாட்கள் இருக்கலாம். வீக்கம் பரவினால், கண்ணில் பட்டால், மூச்சு விடச் சிரமமோ மயக்கமோ ஏற்பட்டால், அல்லது சீழ் கட்டினால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னுமொன்று. பிள்ளைகள் ஆசையோடு பொறுக்கும் சங்குகளில் கூம்பு வடிவான ஒருவகைச் சங்கினுள் உயிருள்ள நத்தை இருந்தால் அது இந்தப் புழுவைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. அதன் நஞ்சினால் உயிரிழந்தவர்களும் உண்டு. உயிருள்ள சங்கு எதையும் கையில் எடுக்கக்கூடாது. பாறைக் குட்டைகளைப் பார்ப்பதாயின் கடல் வற்றும் நேரத்தில், செருப்புடன், ஒருவராவது அலையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போக வேண்டும். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இவ்வுயிர்கள் வாழும் இடம், அலை அடிக்கும் இடத்துக்கு வெகு அருகிலேயே இருக்கும். புரட்டிய கல்லை மீண்டும் அப்படியே வைத்துவிட வேண்டும். அது அவற்றின் வீடு.

மாமியார் கேட்ட கேள்வி

அன்று தொலைபேசியில் என் தோழி இவற்றையெல்லாம் விளக்கி முடித்ததும், அதுவரை சுவரில் சாய்ந்து பேசாமலிருந்த மாமியார் வாய் திறந்தார்.

"அப்ப நம்ம மலையில இருக்கிற கம்பளிப்பூச்சி மாதிரிதான்னு சொல்லுங்க."

"அதே மாதிரிதான் அம்மா" என்றாள் தோழி.

"மாலு பணிஸ் திங்காத புள்ள தொட்டிருந்தாலும் எரிஞ்சிருக்குமா?"

"பட்டினி கிடந்து விரதம் பிடிச்ச சாமியார் தொட்டிருந்தாலும் எரிஞ்சிருக்கும் அம்மா."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமியாரும் சிரித்தார். ஆனால் மருமகளிடம் மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. "தேத்தண்ணி ஊத்திக் குடு மிஸ்ஸுக்கு" என்று மட்டும் சொன்னார். கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்டேன். தெரியாமல் தொடச் சொன்னது என் பிழை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். மலரின் தாய் தலையைக் குனிந்துகொண்டு தேநீர் ஊற்றினாள்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கொழுந்து மலையில் கம்பளிப்பூச்சி பட்டால் எவரும் சாமி குற்றம் என்று சொல்வதில்லை. அட்டை கடித்தாலும் சொல்வதில்லை. ஏனென்றால் அவற்றை எங்களுக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். கடலின் புழுவைத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் பழி வந்து குந்திக்கொள்கிறது. அந்தப் பழி வழக்கமாக ஒரு பெண்ணின் மேல்தான் இறங்குகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், வலிப்பு வந்தாலும், எடை குறைந்தாலும் இதே கதைதான். ஆகவே ஒன்றைப் பற்றிச் சரியாக அறிந்துகொள்வது படித்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. அது எங்கள் பெண்களுக்குப் பாதுகாப்பு.

அடுத்த கூட்டத்துக்குத் தாயும் வந்தாள், மகளும் வந்தாள். மலர் தன் சித்திரத்தைப் பிரிஸ்டல் போட்டில் பெரிதாகக் கீறிக்கொண்டு வந்து, ஐந்து அடையாளங்களையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். அது இப்போது பிள்ளை மடுவத்துச் சுவரில் தொங்குகிறது. இந்த வருடமும் கதிர்காமம் போக யோசித்திருக்கிறோம். பஸ்ஸுக்குப் பணம் சேர்க்கிறோம். முதலுதவிப் பெட்டியில் இரண்டு சுருள் டேப்பும் ஒரு போத்தல் வினாகிரியும் வாங்கி வைத்தாயிற்று. மாமியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் புழுவைத் தானும் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

"தொட மாட்டேன் மிஸ். தள்ளி நின்னு பாத்துக்கிறேன்" என்றார்.